பத்து நிமிடம் முந்திய மணிக்கூடு

அத்தியாயம் 4

மீராசாஹிப் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி, மேசை மணிக்கூட்டை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"டீச்சர், ஒங்கட மணிக்கூட்டுக்கு நோய் வருத்தம் ஒன்னும் இல்ல. இதுக்கு யாரோ வெசம் வெக்கிறாங்க."

"மணிக்கூட்டுக்கா?" என்றான் அந்தனி, வாசலில் நிறுத்திய முச்சக்கர வண்டிக்குள் இருந்தபடியே. "சோத்துல கலந்தாங்களா, சாவியில தடவுனாங்களா நானா?"

கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைக்கு அகலம் ஆறே அடி. பலகையில் பெரிய எழுத்தில் 'மணிக்கூடு பழுது பார்க்கப்படும்' என்றும், அதன் கீழே பொடி எழுத்தில் 'மர்மங்களும்' என்றும் இருக்கும். மீராசாஹிப்பை ஊரே 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். மர்மம் வந்தால் அந்தனி உதவியாளன். பயணி வந்தால் சாரதி. பயணிகளை விட மர்மங்கள்தான் அதிகம் என்று அவன் சொல்லிக்கொள்வான்.

வாடிக்கையாளர் கிருஷ்ணகுமாரி. மலை மேலே பழைய தேயிலை ஃபாக்டரியில் நடக்கும் சித்திரக் கல்லூரியில் கணினி ஆசிரியை. மழை சொட்டும் குடையை மடிக்க மறந்து கடைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெசம்னா என்னங்க நானா?"

"காந்தம்."

மீராசாஹிப்புக்கு விளக்கம் சொல்வதென்றால் பிரியாணி மாதிரி. மணிக்கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே தலைமயிர் போல மெல்லிய எஃகுச் சுருள் ஒன்று விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. நேரத்தை அளப்பது அதுதான். அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுருள் குட்டையாகும். குட்டைக் கயிற்று ஊஞ்சல் வேகமாக ஆடுகிறதல்லவா? அதே போல மணிக்கூடும் முந்தி ஓடத் தொடங்கும்.

"ஒரு மாசத்துல மூணு தரம் காந்தம் ஏத்தியிருக்கு. நான் எறக்குறன், யாரோ ஏத்துறாங்க. இத எங்க வெச்சீக்கிறீங்க?"

"லேப்ல, டிஸ்க் பெட்டிக்கு மேல." அவள் அப்போதுதான் குடையை மடித்தாள். "அந்தப் பெட்டியிலதாங்க எங்க படமெல்லாம் காணாமப் போகுது."

அந்தனி வண்டியை விட்டு இறங்கிவிட்டான்.

கதை இதுதான். 1996இல் கல்லூரிக்கு ஒரேயொரு கணினி வந்தது. பின்னல் உறை போர்த்தி, அலுவலக அறையில் சாமி மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் மூன்றானது. போன வருடம் ஐந்து. ஃபாக்டரியில் தேயிலை சலித்த அறைதான் இப்போது கணினிக்கூடம். ஈரம் ஆகாது என்பதில் தேயிலையும் கணினியும் ஒரே சாதி என்பதால் அந்த அறை. பக்கத்து அறையையும் ஒழித்துப் போட்டிருக்கிறார்கள், இன்னும் பத்துக் கணினிகளுக்காக. அவற்றைக் கொடுப்பதா என்று பார்க்க இன்று இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார். நாற்பது மாணவர்கள் கணினியில் வரைந்த நாற்பது தேயிலைப் பக்கற்று உறைப் படங்களைக் காட்ட வேண்டும்.

"காட்டலைன்னா?" என்றான் அந்தனி.

"இருக்குற அஞ்சையும் டவுனுக்குக் கொண்டு போயிருவாங்க. ரெண்டு தரம் தவணை கேட்டுட்டேன். இதுதான் கடைசி." கிருஷ்ணகுமாரி மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு தரமும் புள்ளைங்க எல்லாம் முடிச்சு, நாற்பது ஃப்ளொப்பியையும் பெட்டியில போட்டுப் பூட்டி, மேல தாளு ஒட்டிக் கையெழுத்தும் போடுவேன். காலையில பாத்தா பூட்டு அப்படியே இருக்கு, தாளும் அப்படியே இருக்கு. டிஸ்க்கும் நாற்பதும் இருக்கு. படம் மட்டும் இல்ல. இன்னிக்குக் காலையிலயும் அதேதான்."

மீராசாஹிப் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். சுவர் மணிக்கூடுகள் பதினொன்றும் ஆளுக்கொரு நேரம் காட்டின. சரியானது ஒன்றுதான். அதில் பத்தரை.

"அந்தனி, ஏத்து வண்டிய."

*

இறப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி மூச்சு வாங்கி ஏறியது. பின்னிருக்கையில் மீராசாஹிப் ஒரு ஃப்ளொப்பியின் இரும்பு மூடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த டிஸ்க்குக்குள்ள பழுப்பா ஒரு தாளு இரிக்கி பாருங்க. அதுல பொடிப் பொடியா காந்தத் துகள். ஒவ்வொன்னும் இந்தப் பக்கம் பாக்குது இல்லாட்டி அந்தப் பக்கம் பாக்குது. படம்ங்கிறது அவ்வளவுதான். எந்தத் துகள் எந்தப் பக்கம் பாக்குதுங்கிற வரிசை."

"எங்க தோட்டத்துப் பெரட்டுக்களம் மாதிரி" என்றான் அந்தனி. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் பிரிக்கும் இடம் அது.

"சரியாச் சொன்ன. அந்த வரிசைக்கு நடுவுல பெரிய காந்தம் ஒன்னு வந்தா?"

"தொர வந்த மாதிரி. எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவாங்க."

"படம் போச்சு. பெட்டியத் தொறக்கத் தேவையே இல்ல. மேலால காட்டினாப் போதும்."

கிருஷ்ணகுமாரி சட்டென்று நிமிர்ந்தாள். "காந்தமா? ஜெறோம் மாஸ்டர்கிட்ட நெறைய இருக்குங்க!"

ஜெறோம் மாஸ்டர் நீர்வண்ண ஆசிரியர். கணினி வந்த நாளிலிருந்து அதை 'அந்தப் பெட்டி' என்றுதான் சொல்வார். அவர்கள் போனபோது அவர் தன் அறையில், சாய்த்து வைத்த தகரத்தில் ஒரு தாளை நான்கு வட்டக் காந்தங்களால் பொருத்தி வாழைப்பூ ஒன்றுக்கு ஊதா பூசிக்கொண்டிருந்தார். பழைய வானொலிப்பெட்டிகளின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தங்கள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு" என்றான் அந்தனி. "மாஸ்டர், வண்டியில ஏறுங்க. பொலிஸ்வரைக்கும் ஃப்ரீ."

"என்னத்துக்குப்பா?"

"நாற்பது படத்தக் கொன்னதுக்கு."

ஜெறோம் மாஸ்டர் தூரிகையைக் கோப்பையில் போட்டார். "அந்தப் பெட்டியில வரையிறது எனக்குப் புடிக்காது, சரி. அதுக்காக, ஒரு புள்ள வரைஞ்ச படத்த அழிப்பனா? கையி வருமா எனக்கு?"

"கை வருமான்னு பாத்துருவோம்" என்றார் மீராசாஹிப் சந்தோஷமாக. "டீச்சர், புது டிஸ்க் ஒன்னுல ஏதாச்சும் வரைஞ்சு குடுங்க."

கணினிக்கூடத்தில் கிருஷ்ணகுமாரி அவசரத்தில் பெரிய மூக்கு ஒன்றை வரைந்து பதிந்தாள். யாருடைய மூக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஜெறோம் மாஸ்டர் மட்டும் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு மூடி, நான்கு ஸ்பீக்கர் காந்தங்களையும் மேலே வைத்து இழுத்தார்கள். திரும்பக் கணினியில் போட்டுத் திறந்தார்கள்.

மூக்கு அப்படியே இருந்தது. ஒரு மயிர் கூட உதிரவில்லை.

"தாளப் புடிக்கிற காந்தம் இது" என்றார் மீராசாஹிப். "மூடியத் தாண்டி உள்ளுக்குப் போக இதுக்கு மூச்சு பத்தாது. மாஸ்டர், மன்னிச்சுக்கோங்க."

"மன்னிக்கிறன். மூக்க அழிங்க."

நேரம் பதினொன்றே கால். கிருஷ்ணகுமாரியின் முகம் மறுபடி சுருங்கியது.

அப்போது ஜெறோம் மாஸ்டரின் அறையிலிருந்து அந்தனியின் அலறல் கேட்டது. ஒற்றைக் காலில் நொண்டியபடி வந்தான். செருப்பைத் தாண்டிக் காலில் ஒரு குண்டூசி ஏறியிருந்தது.

"மாஸ்டர் ரூமா, முள்ளுக் காடா? எங்க பாத்தாலும் குண்டூசி, பிளேடு, ஸ்டேப்ளர் கம்பி!"

மீராசாஹிப் அவன் காலைப் பார்க்கவில்லை. கணினிக்கூடத்தின் பலகைத் தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை விட்டார். ஒரு மேசை, இரண்டு மேசை, ஐந்து மேசை. எழுந்தபோது மீசையில் ஒட்டடை, முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இங்கயும் அதே நாற்பது புள்ளைங்கதானே? இங்கயும் தாளு வெட்டுறாங்க, ஊசி குத்துறாங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப இங்க ஏன் ஒரு ஊசி கூட இல்ல?"

குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். வெட்டிய தாள், பென்சில் சீவல், ஒரு அரை விசுக்கோத்து. இரும்பாக ஒரு துரும்பு இல்லை.

"ஆக, களவாணி படத்த மட்டும் கொண்டு போகல்ல" என்றார் மீராசாஹிப். "ஊசியையும் கொண்டு போறாரு. கொண்டு போய் எங்க வெக்கிறாரு? ஊசி எங்க இரிக்கோ, காந்தமும் அங்கதான்."

"என் காலுல ஒன்னு இருக்கு நானா. அதையும் சாட்சியா எடுத்துக்கிறீங்களா?" என்றான் அந்தனி. பிறகு சுவரைப் பார்த்து, "டீச்சர், இன்னிக்கு வியாழக்கிழமதானே?"

"வியாழன், இருபத்திரெண்டு."

"கலண்டர் வெள்ளிக்கிழமங்குது. இந்த லேப்ல எல்லாத்துக்கும் அவசரம். மணிக்கூடு பத்து நிமிஷம் முந்தி ஓடுது, கலண்டர் ஒரு நாள் முந்தி ஓடுது."

அது தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி. மேலே 23 என்று கொட்டை எழுத்தில் நின்றது. மீராசாஹிப் அந்தனியின் தோளில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். பாராட்டு அது.

"டீச்சர், இதுக்கு முந்தி படம் போன நாளையிலயும் இப்படித்தானா?"

கிருஷ்ணகுமாரி கண்ணை மூடி யோசித்தாள். "ஐயோ, ஆமாங்க! போன தரம் நான் நாள் மாறிப் பதிவு போட்டு, அப்புறம் வெட்டித் திருத்துனேன். புள்ளைங்க யாரோ வெளையாடுதுன்னு நெனச்சேன்."

"வெளையாட்டு இல்ல. நேத்துத் தாளக் கிழிச்சா அது குப்ப. இன்னிக்குத் தாளக் கிழிச்சா? யாருக்கு இன்னிக்குத் தேதி தேவப்படும்?" அவரே பதிலும் சொன்னார், தாங்க முடியாமல். "எழுதத் தெரியாதவங்களுக்கு! தேதி போட்ட தாளு, அச்சடிச்சு, சும்மா கெடைக்குது. எதையோ மடிச்சு அதுக்கு நாள் போட்டு வெக்கிறாங்க. ஒளிஞ்சு செய்ற ஆள் தேதி போடுவாங்களா? இவங்க ஒளியவே இல்ல. சரி, காலையில எட்டு மணிக்கு முந்தி இந்த ரூமுக்குள்ள யார் வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"யாரும் வர்றதில்ல" என்றார் ஜெறோம் மாஸ்டர்.

"கதவு தானாத் தொறக்குமா?"

"இல்லைங்க, சுப்பம்மாக்கா தொறப்பாங்க. கூட்டித் தொடச்சு வெச்சிட்டு..." கிருஷ்ணகுமாரி பாதியில் நிறுத்தினாள்.

அந்தனி தலையைச் சாய்த்தான். "அப்ப அவங்க யாருமில்லையா டீச்சர்?"

*

சுப்பம்மா பக்கத்து அறையில், பத்துக் கணினி வரப்போகும் வெற்று அறையில், யன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து பேர் வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நான்கு பேர்தான் வந்தார்கள். ஆனால் அந்தனி நொண்டிக்கொண்டே வந்த சத்தத்தில் ஒரு ஆள் கூடுதலாகத் தெரிந்தது.

கதவுக்குப் பின்னால் பலகைத் தட்டு. அதில் வரிசையாக மூன்று பொட்டலங்கள். ஒக்டோபர் 18. நவம்பர் 7. நவம்பர் 22. பக்கத்தில் செங்கல் அளவில், கைப்பிடி வைத்த கறுப்பு இரும்பு ஒன்று. மீராசாஹிப் தன் கடைச் சாவிக்கொத்தை அருகில் கொண்டு போனார். சாவிக்கொத்து அவர் கையிலிருந்து பாய்ந்து 'டக்' என்று போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. அந்தனியும் சேர்ந்து இழுத்ததில்தான் வந்தது.

"இப்பவாவது கேட்டீங்களே" என்றாள் சுப்பம்மா, கையைச் சேலையில் துடைத்தபடி. முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஒருத்தரும் வந்து பாக்கலையேன்னு எனக்கு மனசு சரியில்ல. பிரிச்சுப் பாருங்க நானா."

பிரித்தார். குண்டூசிகள், பிளேடுத் துண்டு, ஸ்டேப்ளர் கம்பி, கொஞ்சம் இரும்புத்தூள்.

"அக்கா, இது என்ன காந்தம்?" என்றாள் கிருஷ்ணகுமாரி. குரல் கீச்சென்றது.

"நம்ம ஸ்டோருக் காந்தந்தான் டீச்சரம்மா." தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரியை ஸ்டோர் என்பார்கள். "இதே சலிப்பு ரூம்ல பத்தொம்போது வருசம் வேல செஞ்சேன். மெஷினு தேயிற எடத்துல இரும்பு கொட்டும், ஆணி விழும். தூள்ல ஒரு துணுக்கு இரும்பு போனாலும் சீமையில இருந்து பெட்டி திரும்பி வந்துரும். அதனால பெட்டி கட்டுற அன்னிக்குக் கடேசி வேல காந்தம் காட்டுறது. அகப்பட்ட இரும்ப மடிச்சு, தேதி போட்டு டீமேக்கர் ஐயாகிட்டக் காட்டணும். ஸ்டோரு மூடுனப்ப இந்தக் காந்தத்தக் காணோம். இந்த ரூம ஒழிச்சப்பதான் சாக்குக்கு அடியில கெடந்துச்சு."

"கொம்பியூட்டருக்கு ஏன்க்கா காந்தம் காட்டுனீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க!" சுப்பம்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "அன்னிக்கு அஜந்தன் குண்டூசிய கீபோட்டுக்குள்ள போட்டப்ப, 'ஒரு ஊசி உள்ள போனா எல்லாம் நாசமாப் போயிரும், உங்க படம் ஒன்னும் மிஞ்சாது'ன்னு கத்துனீங்களா இல்லியா? நான் வாசக்கூட்டிக்கிட்டே கேட்டேன். அதான், நீங்க டிஸ்க்குப் பெட்டி கட்டி, தாளு ஒட்டுன மறுநாளு வெள்ளனாவே வந்து, மணிக்கூட்ட எறக்கி வெச்சு, பெட்டி மேல நல்லா மூணு இழுப்பு. மேச, தரை எல்லாத்துக்கும் ஒரு இழுப்பு. ஒரு ஊசி உள்ள போக விட்டிருப்பேனா?"

அந்தனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஜெறோம் மாஸ்டருக்கு. கிருஷ்ணகுமாரிக்கு எது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மீராசாஹிப் மூக்கு டிஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியில் போட்டு மூடி, சுப்பம்மாவையே மூன்று இழுப்பு இழுக்கச் சொன்னார். பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மூக்கு இல்லை.

"எங்க போச்சு?" என்றாள் சுப்பம்மா.

மீராசாஹிப் நின்ற இடத்திலேயே பெரட்டுக்களம் கதையைச் சொன்னார். துகள், வரிசை, துரை. சுப்பம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கண் அந்த நாற்பது டிஸ்க்குப் பெட்டிக்குப் போனது. கை வாயைப் பொத்தியது.

"மூணு தரமும்... நானா?"

"இந்த நானா இல்ல, நீங்க" என்ற அந்தனியை ஜெறோம் மாஸ்டர் குதிகாலால் உதைத்தார். ஊசி ஏறிய காலில்.

"ஒக்காந்து அழ நேரமில்லக்கா" என்றாள் கிருஷ்ணகுமாரி, எழுந்து. "சொன்னது நான். அரைகுறையாச் சொன்னதும் நான்தான். மணி என்னங்க?"

ஜீப் ஹோர்ன் கேட்டது. இன்னும் இரண்டு மணி ஆகவில்லை. பன்னிரண்டு கூட ஆகவில்லை.

*

கொழும்பிலிருந்து வந்த ரணவீர மேடம், பெல்மதுளையில் நடக்கவிருந்த கூட்டம் நின்றுவிட்டதால் நேராக ஏறி வந்துவிட்டதாகச் சிங்களத்தில் சொன்னார். நரைத்த முடி, தடித்த கண்ணாடி, கையில் படிவக் கோப்பு. "சரி, படங்கள் எங்கே?"

மறைக்கலாம். இன்னொரு தவணை கேட்கலாம். காந்தம் காட்டியவளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தலாம். கிருஷ்ணகுமாரி மூன்றையும் யோசித்ததாகப் பின்பு சொன்னாள். அப்போது செய்தது வேறு. தெளிவான சிங்களத்தில், ஒரு மூச்சில், குண்டூசி முதல் மூக்கு வரை அத்தனையையும் சொல்லி முடித்தாள். மூன்று தரம் வரைந்தார்கள், மூன்று தரமும் போய்விட்டது, தவறு கணினி ஆசிரியையுடையது.

ரணவீர மேடம் படிவத்தைப் பார்த்தார். "காட்ட ஒன்றும் இல்லை என்றால் நான் எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான், தெரியுமா?"

"தெரியும், மேடம்."

"ஒன்றுமே இல்லையா?"

வாசலில் குவிந்திருந்த மாணவர்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள். நிரோஷா. மழையில் குடை பிடித்து நிற்கும் யானையைத் தேயிலைப் பக்கற்றுக்கு வரைந்தவள். "இப்ப வரைஞ்சு காட்டவா, மிஸ்?"

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ரணவீர மேடம்.

"மொத தரம் ஆறு மணித்தியாலம் ஆச்சு. ரெண்டாவது தரம் ரெண்டு. மூணாவது தரம் முக்கா மணி." நிரோஷா தோளைக் குலுக்கினாள். "இப்ப எங்க கைக்கே பாடமாகிருச்சு மிஸ்."

அவள் உட்கார்ந்தாள். திரையைக் கூட அதிகம் பார்க்கவில்லை. முதுகு ஒரே வளைவு, தும்பிக்கை ஒரே சுழிப்பு, குடைக்கு எட்டுக் கம்பி, மழைக்கு நூறு கோடு. பன்னிரண்டாவது நிமிடம் யானை நனையாமல் நின்றது.

ரணவீர மேடம் கோப்பை மேசையில் வைத்துவிட்டு, கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடுத்தது?"

பிறகு நடந்தது கல்லூரி அல்ல, திருவிழா. ஐந்து கணினி, நாற்பது பேர், எட்டுச் சுற்று. சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். காந்தம் தீண்டிய டிஸ்க்குகளைக் கிருஷ்ணகுமாரி ஒவ்வொன்றாக மறுபடி தயார்படுத்திக் கொடுத்தாள். அந்தனி ஓட்டப்போட்டி அறிவிப்பாளனானான். "மூணாம் மெஷின்ல அஜந்தன், சைக்கிளுக்கு ரெண்டு சில்லும் போட்டாச்சு, பெடல் பாக்கி! ஒன்னாம் மெஷின்ல மயிலுக்கு வாலு வளருது, வளருது, ஐயோ திரைய விட்டே போயிருச்சு!" மீராசாஹிப் நேரம் பிடித்தார். சரியான மணிக்கூட்டில்தான். ஜெறோம் மாஸ்டர் 'அந்தப் பெட்டி'க்குப் பின்னால் நின்று, "அந்த ஊதாவுக்குள்ள கொஞ்சம் செவப்பு விடு புள்ள" என்று கத்திவிட்டு, கத்தியது தான்தானா என்று திரும்பிப் பார்த்தார். சுப்பம்மா கொண்டுவந்த பால் விடாத பிளேன்ரீ ரணவீர மேடத்தின் கையிலேயே ஆறிப்போனது.

ஒன்று நாற்பதுக்கு நாற்பதாவது படம் முடிந்தது.

ரணவீர மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருடமாக லேப் பார்க்கிறேன். முக்கால்வாசி இடத்தில் மவுஸுக்கு பொலித்தீன் கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள்." படிவத்தில் பத்து என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தனி விசிலடித்தான். அறை முழுக்கக் கூச்சல்.

கூச்சலுக்கு நடுவே கிருஷ்ணகுமாரி நாற்பது டிஸ்க்கையும் பெட்டியில் அடுக்கினாள். மூடப் போனவள், கையை நிறுத்திப் பெட்டியைச் சுப்பம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க மூடுங்கக்கா."

சுப்பம்மா பின்வாங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன்னே வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அந்த நாற்பது பேருக்கும் காட்டினாள், புறங்கையையும் திருப்பிக் காட்டினாள். வளையலைக் கழற்றி அந்தனியிடம் கொடுத்தாள். தலையிலிருந்த கொண்டை ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவன் கையில் வைத்தாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது.

அப்புறம்தான் மூடியைத் தொட்டாள்.